குகேஷில் தொடங்கி அஸ்வினில் முடிந்த வாரம்: எதில் பார்த்தோம், எது தேறியது

2024 டிசம்பர் 12 வியாழன் முதல் 19 வியாழன் வரை விளையாட்டு உலகத்தில் நடந்ததை எதில் எல்லாம் பார்த்தேனோ, படித்தேனோ, அதற்கெல்லாம் சேர்த்து எழுதும் விமர்சனம் இது. நட்சத்திரம் எத்தனை என்றுதான் எல்லோரும் முதலில் தேடுவீர்கள், அதனால் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். யூடியூபில் இலவசமாக ஓடிய செஸ் நேரலைக்கு ஐந்துக்கு நாலரை. வருஷ சந்தா கட்டிப் பார்க்கும் ஆப்புக்கு இரண்டு, அதுவும் படம் தெளிவாக இருக்கிறது என்பதற்காக. காலையில் வாசலில் விழும் பேப்பருக்கு மூன்று. போனில் நாள் முழுக்க டிங் டிங் என்று வரும் நோட்டிஃபிகேஷனுக்கு முட்டை. காசு எங்கே அதிகம் வாங்குகிறார்களோ அங்கேதான் ரசிகனை மதிப்பது குறைச்சல் என்பது என் கட்சி, இந்த ஒரு வாரமே அதற்குச் சாட்சி.

முதலில் செஸ். உலக சாம்பியன்ஷிப் கடைசி ஆட்டம், சிங்கப்பூர் சென்டோசா, 13 ஆட்டம் முடிந்து 6.5-6.5 என்று சமமாக நிற்கிறது. நம்ம சென்னைப் பையன் குகேஷுக்கும் நடப்பு சாம்பியன் சீனாவின் டிங் லிரெனுக்கும் மோதல், வெள்ளைக் காய் டிங்குக்கு. நமக்கு மதியம் இரண்டரை மணிக்கு ஆரம்பம். இந்த மேட்ச்சை உலக செஸ் சங்கமான ஃபிடேயின் சானலில் பார்க்கலாம், செஸ்.காமில் பார்க்கலாம், செஸ்பேஸ் இந்தியாவில் பார்க்கலாம், எதற்கும் பைசா கிடையாது. நாலு மணி நேரம் இரண்டு பேர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை யார் பார்ப்பார்கள் என்று கேட்கிறவர்களுக்கு: அன்றைக்கு லட்சக்கணக்கில் பார்த்தார்கள். ஆட்டம் டிராவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. டிங் ஒரு சிப்பாய் குறைவாக இருந்தார், ஆனால் ரூக்கும் பிஷப்பும் இரண்டு பக்கமும் இருந்ததால் தாக்குப் பிடிக்கலாம் என்பதுதான் எல்லோர் கணக்கும். மறுநாள் டைபிரேக், வேக ஆட்டத்தில் டிங்குக்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று வர்ணனையாளர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அப்போதுதான் 55ஆவது நகர்த்தலில் டிங் ரூக்கை எஃப்2 கட்டத்தில் வைத்தார்.

ஓரத்தில் ஏறி இறங்கும் வெள்ளை-கருப்புப் பட்டை இருக்கிறதே, கம்ப்யூட்டர் கணிப்பு, அது ஒரே அடியாகக் கருப்புக்குச் சாய்ந்தது. பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது, உலகத்திலேயே தெரியாதவர்கள் அந்தக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்த இரண்டு பேர்தான். குகேஷ் முதலில் வேறு ஒரு ரூக் நகர்த்தலைத்தான் நினைத்திருந்தார், பின்னால் அவரே சொன்னார். அப்புறம் ஒரு நொடி. கண் விரிகிறது, நிமிர்ந்து உட்கார்கிறார், தண்ணீர் எடுத்துக் குடிக்கிறார், உடனே ஆடாமல் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறார். டிங்கின் பிஷப் ஏ8 மூலையில் மாட்டிக்கொண்டிருந்தது, ரூக்கை வெட்டிவிட்டு பிஷப்பையும் வலுக்கட்டாயமாக வெட்டினால் மிச்சம் வெறும் ராஜாவும் சிப்பாய்களும், அதில் கருப்பு ஜெயிக்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். 58 நகர்த்தலில் முடிந்தது. 7.5-6.5. பதினெட்டு வயதில் பதினெட்டாவது உலக சாம்பியன். 1985-இல் காஸ்பரோவ் ஜெயித்தபோது அவருக்கு 22.

இதில் நேரலைக்காரர்களுக்கு நான் ஏன் நாலரை கொடுக்கிறேன் என்றால், டிங் கையெழுத்துப் போட்டு எழுந்து போன பிறகும் கேமராவை அங்கேயே வைத்திருந்தார்கள். பையன் அழுகிறான், முகத்தைத் துடைத்துக்கொள்கிறான், அப்புறம் கலைந்து கிடந்த காய்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் கட்டத்தில் திரும்ப அடுக்குகிறான். வெளியே நடைபாதையில் அவன் அப்பா போனும் கையுமாக இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தார், காது மூக்கு தொண்டை டாக்டர், மகனுக்காகத் தொழிலைக் குறைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கூடப் போனவர். நடுவில் ஒரு பான் மசாலா விளம்பரம் வரவில்லை, திரையைச் சுருக்கி மூலையில் தள்ளவில்லை. காசு கொடுக்கும் இடத்தில் இப்படி ஒரு காட்சி கிடைத்திருந்தால் அதற்குள் மூன்று கார் விற்றிருப்பார்கள்.

மிச்சம் அரை நட்சத்திரத்தை நான் பிடித்து வைத்திருப்பது அந்தப் பட்டைக்காகத்தான். அது இருந்தால் செஸ் தெரியாதவர்களும் பார்க்க முடிகிறது, சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைப் பார்த்துப் பழகிய பிறகு எல்லோரும் மேதையாகிவிடுகிறோம், ‘இதைக்கூடவா பார்க்கவில்லை’ என்று உலக சாம்பியனைத் திட்டுகிறோம். முன்னாள் சாம்பியன் கிராம்னிக் உள்பட சில பெரிய மனிதர்கள் இந்த மேட்ச்சின் தரமே சரியில்லை, சின்னப் பிள்ளைத் தவறில் முடிந்துவிட்டது என்ற தொனியில் பேசினார்கள். மூன்று வாரம், பதினான்கு ஆட்டம், முதல் ஆட்டத்திலேயே ஜெயித்து மூன்றாவதில் அடி வாங்கி, பதினொன்றில் தோற்றுப் பன்னிரண்டில் திருப்பிக் கொடுத்து, நேரமும் குறைந்துகொண்டே வரும் ஒருவருக்கு ஒரு நொடி கண் இருட்டுவது ஆட்டத்தின் ஒரு பகுதிதான். பெனால்ட்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்தால் கால்பந்தே செத்துவிட்டது என்றா சொல்கிறோம்? அடுத்த முறை நேரலையில் பட்டையை மறைக்க ஒரு பட்டன் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்தால் முழு ஐந்தும் தருகிறேன்.

மறுநாள் பேப்பர். முதல் பக்கத்தில் பெரிய படம், முதல்வர் அறிவித்த ஐந்து கோடி, 2013-இல் சென்னையில் ஆனந்த்-கார்ல்சன் மோதியபோது ஏழு வயதுப் பையனாகக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த கதை, எல்லாம் இருந்தது. பையன் தமிழனா தெலுங்கனா என்று இரண்டு மாநில அரசியல்வாதிகள் பங்கு பிரிக்க வந்ததும் இருந்தது. எது இல்லை தெரியுமா? நான் வாங்கும் பேப்பரில் அந்தக் கடைசிக் கட்டப் படம் இல்லை. எட்டுக்கு எட்டு ஒரு சின்னச் சதுரம், இரண்டு ராஜா, இரண்டு ரூக், இரண்டு பிஷப், மூன்று சிப்பாய், அவ்வளவுதான் இடம் பிடிக்கும். அதைப் போட்டிருந்தால் அன்றைக்குத் தமிழ்நாட்டில் எத்தனை வீட்டில் போர்டை எடுத்து வைத்து அப்பாவும் பிள்ளையும் ஆடிப் பார்த்திருப்பார்கள். அதற்குப் பதில் பரிசு எவ்வளவு, அதில் வரி எவ்வளவு என்று கட்டம் கட்டிக் கணக்குப் போட்டிருந்தார்கள். 25 லட்சம் டாலர் பரிசில் இவருக்கு 13.5 லட்சம், டிங்குக்கு 11.5 லட்சம். நல்லது, சந்தோஷம். ஆனால் ஆட்டத்தைப் பற்றி மூன்று வரிக்கு மேல் இல்லையே சாமி.

சனிக்கிழமையிலிருந்து பிரிஸ்பேன். காபா மைதானத்தில் இந்தியா-ஆஸ்திரேலியா மூன்றாவது டெஸ்ட். இங்கேதான் நம் சந்தா ஆப் வருகிறது, பேர் வேண்டாம், கட்டியிருக்கும் எல்லோருக்கும் தெரிந்த வலிதான். விடியற்காலையில் எழுந்து தொலைவில் நடக்கும் டெஸ்ட் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, அந்தச் சுகத்தை ஓவருக்கு ஓவர் கெடுப்பது எப்படி என்று தனியாக ஆள் வைத்து யோசித்திருக்கிறார்கள் போல. ஆறாவது பந்து கீப்பர் கையில் விழுவதற்கு முன்பே விளம்பரம், அது முடிந்து வருவதற்குள் அடுத்த ஓவரின் முதல் பந்து பாதி ஓடிவிடுகிறது. ஃபீல்டிங்கில் யாரை எங்கே நகர்த்தினார்கள் என்பதுதான் டெஸ்ட் கிரிக்கெட்டின் உயிர், அந்த இடைவெளியில்தான் அது நடக்கும், அதைத்தான் நாம் பார்ப்பதே இல்லை. பும்ரா 76 ரன்னுக்கு ஆறு விக்கெட் எடுத்தார், ஹெட் 152, ஸ்மித் 101, ஆஸ்திரேலியா 445. ஹெட்டுக்கு எதிராக ஃபீல்ட் எப்படி நின்றது என்று கேட்டால் எனக்குத் தெரியாது, இன்ஷூரன்ஸ் பாலிசி எத்தனை வகை என்று கேளுங்கள், ஒப்பிக்கிறேன்.

இன்னொன்று, தாமதம். செவ்வாய்க்கிழமை, நாலாம் நாள் ஆட்டம் முடியப் போகிற நேரம். இந்தியா 213-க்கு ஒன்பது விக்கெட், ஃபாலோ ஆன் (உடனே மறுபடியும் பேட் செய்ய வைப்பது) தவிர்க்க 246 வேண்டும், களத்தில் பும்ராவும் ஆகாஷ் தீப்பும். தட்டித் தட்டி வருகிறார்கள். எதிர் வீட்டில் கேபிள் கனெக்‌ஷன். கம்மின்ஸ் என் போனில் இன்னும் ஓடி வரவே ஆரம்பிக்கவில்லை, எதிர் வீட்டில் ‘ஏய்ய்’ என்று ஒரு சத்தம், அந்த வீட்டுத் தாத்தா கை தட்டுகிறார். சரி, போச்சு, ஃபோர்தான் என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்து அந்த ஃபோரைப் பார்த்தேன். கல்லிக்கு மேலே போனது, ஃபாலோ ஆன் தப்பியது, டிரெஸ்ஸிங் ரூமில் கம்பீரும் கோலியும் குதிக்கிறார்கள். அடுத்து அதே கம்மின்ஸை ஆகாஷ் தீப் ஒரு சிக்ஸர், அதற்கும் எதிர் வீட்டிலிருந்து முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிட்டது. இதற்கு ‘லைவ்’ என்று சிவப்புப் பொட்டு வைத்துக் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

வர்ணனையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழில் கேட்கலாம் என்று வைத்தால் சில பேர் கல்யாண வீட்டில் மைக் கிடைத்த சித்தப்பா மாதிரி நிறுத்தாமல் பேசுகிறார்கள். சினிமா வசனம், பட்டப்பெயர், கைதட்டல். டெஸ்ட் கிரிக்கெட்டில் நாலு பந்து சும்மா இருந்தால் அந்த நாலு பந்தையும் சும்மா விடுங்களேன், பேட்டில் பந்து படுகிற சத்தம் கேட்கட்டும். விஷயம் தெரிந்த பழைய ஆட்டக்காரர்கள் பேசும்போது மட்டும் காது கொடுத்துக் கேட்கத் தோன்றுகிறது, மணிக்கட்டு எப்படி இருந்தது, சீம் எந்தப் பக்கம் பார்த்தது என்று சொல்கிறார்கள். அவர்களைப் பேசவிடாமல் நடுவில் ஒருவர் போட்டி வைத்துப் பரிசு அறிவிப்பார்.

இதே ஒளிபரப்பில்தான் புதன்கிழமை அந்தக் காட்சியும் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மழை, ஆட்டம் நின்றிருக்கிறது. கேமரா சும்மா இந்திய டிரெஸ்ஸிங் ரூம் பக்கம் திரும்புகிறது, அங்கே அஸ்வினைக் கோலி கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்கவும் வேண்டாம், மேற்கு மாம்பலத்தில் இருப்பவருக்கும் மெல்போர்னில் இருப்பவருக்கும் அந்த நிமிஷமே விஷயம் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் டிரா ஆன மேட்ச் முடிந்து, ரோஹித் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, சர்வதேச கிரிக்கெட் போதும் என்று சொல்லிவிட்டு, கேள்வி எதுவும் எடுக்காமல் எழுந்து போய்விட்டார். 106 டெஸ்ட், 537 விக்கெட், இந்தியாவில் கும்ப்ளேவுக்கு அடுத்தபடி. 37 முறை ஐந்து விக்கெட், ஆறு சதம், பதினோரு தொடர் நாயகன் விருது, அதில் முரளிதரனுக்குச் சமம்.

எனக்கு இதில் கோபம் உண்டு. தொடர் நடுவில் ஏன் போனார் என்று அவர் மேல் கோபம் இல்லை, இப்படி ஒரு ஆளை ஒரு டெஸ்ட்டில் எடுத்து அடுத்ததில் உட்கார வைத்து, வெளிநாடு என்றாலே அவரா இவரா என்று பல வருஷமாகக் காசு சுண்டிப் பார்த்த அணி நிர்வாகத்தின் மேல். பெர்த்தில் வாஷிங்டன் சுந்தர், அடிலெய்டில் அஸ்வின், பிரிஸ்பேனில் ஜடேஜா, மூன்று டெஸ்ட்டுக்கு மூன்று ஸ்பின்னர். செப்டம்பரில்தான் சேப்பாக்கத்தில் பங்களாதேஷுக்கு எதிராக 113 அடித்து, இரண்டாவது இன்னிங்ஸில் 88 ரன்னுக்கு ஆறு விக்கெட்டும் எடுத்தார். வழியனுப்பி வைக்கும் டெஸ்ட் அதுவாக இருந்திருக்கலாம், யாருக்கும் அப்போது தெரியவில்லை. ஓய்வு அறிவித்த மறுநாள் வியாழக்கிழமை சென்னை வந்து இறங்கினால் வீட்டு வாசலில் மாலை, மேளம், பூ. அவர் அப்பா அவமானம் அது இது என்று மனசில் பட்டதைப் பத்திரிகைக்காரர்களிடம் கொட்டிவிட, ‘டேய் ஃபாதர், என்னடா இதெல்லாம்’ என்று பிள்ளை எக்ஸ் தளத்தில் எழுதியதைப் பார்த்துச் சிரிக்காத தமிழ் வீடு இருந்திருக்காது. அந்த ஒரு வரியில் இருந்த ருசி இந்த வாரம் வந்த எந்தச் சிறப்புக் கட்டுரையிலும் இல்லை. பேப்பர்காரர்கள் முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள், பாராட்டுகிறேன், ஆனால் விரலால் சுண்டிவிடும் அந்தக் கேரம் பால் எப்படிப் போடுகிறார் என்று விரல் படம் ஒன்று போட ஒருவருக்கும் தோன்றவில்லை, மறுபடியும் அதே குறைதான்.

இப்போது 15ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன், ஏனென்றால் நோட்டிஃபிகேஷன் என்ற சேவைக்கு முட்டை போட்டதன் காரணம் அங்கேதான் இருக்கிறது. அன்றைக்கு பெங்களூருவில் மகளிர் பிரீமியர் லீக் ஏலம். கமலினி, பதினாறு வயது, நம்ம ஊர்ப் பெண், இடது கை பேட்டர், விக்கெட் கீப்பர். அடிப்படை விலை பத்து லட்சம், மும்பை இந்தியன்ஸ் 1.6 கோடிக்கு எடுத்தார்கள். இது டிங் என்று வந்தது, நாலு தடவை வந்தது. அதே நாள் கோலாலம்பூரில் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் மகளிர் ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானை 67 ரன்னில் கட்டிப்போட்டு இந்தியா எட்டு ஓவருக்குள் அடித்து முடித்தது. அதில் 29 பந்தில் 44 நாட் அவுட் யார்? அதே கமலினி. அது எனக்கு டிங் என்று வரவில்லை. பிள்ளையின் விலை தெரிய வேண்டும், பிள்ளை ஆடியது தெரிய வேண்டாம்.

அன்றைக்கே மஸ்கட்டில் ஜூனியர் மகளிர் ஆசியக் கோப்பை ஹாக்கி இறுதிப் போட்டி. சீனாவுடன் 1-1, ஷூட் அவுட்டில் 3-2, கோல்கீப்பர் நிதி மூன்று தடுத்தார், பட்டம் திரும்பவும் நமக்கு. ஷூட் அவுட்டில் எட்டு நொடிக்குள் அடிக்க வேண்டும், எதிரே ஒரே ஒருத்தி, அவள் மூன்று பேரை நிறுத்துகிறாள் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம். பேப்பரில் இது உள்பக்கத்தில் கீழே, ரயில் நேர மாற்ற அறிவிப்புக்குப் பக்கத்தில். ஆனாலும் இருந்தது, அதற்குத்தான் அந்த மூன்று நட்சத்திரம். என் போனில் அதுவும் இல்லை.

இரவு பத்து மணிக்கு மான்செஸ்டர் டெர்பி, அதாவது யுனைடெட்டும் சிட்டியும் மோதும் கால்பந்து. இது மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், நான் யுனைடெட் ஆள், நடுநிலை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். ராஷ்ஃபோர்டும் கர்னாச்சோவும் அணியிலேயே இல்லை என்று பட்டியல் வந்ததும் பயிற்சியாளர் அமோரிமுக்குப் பைத்தியமா என்று கத்தினோம். 88 நிமிஷம் வரை க்வார்டியோல் தலையால் முட்டிய கோலில் சிட்டி முன்னால், பார்க்கவே சகிக்காத ஆட்டம், இரண்டு அணியும். அப்புறம் நூனெஸ் தானாகக் கொண்டு வந்து கொடுத்த பந்தை அமாத் துரத்த, பெனால்ட்டி, புரூனோ சமன், 90ஆவது நிமிஷம் அமாத் இடுக்கிலிருந்து ஒன்று. 2-1. தொடர்ந்து நாலு லீக் பட்டம் வாங்கிய அணி பதினோரு ஆட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் ஜெயித்திருக்கிறது. இதில் ஆப்பைக் குறை சொல்ல மாட்டேன், கால்பந்தில் பந்து ஓடும்போது விளம்பரம் போட முடியாது, அதனால் பிழைத்தோம்.

ஆனால் அதே கால்பந்தில் இந்த வாரக் கணக்குக்கு ஒரு நாள் முன்னால், 11ஆம் தேதி புதன்கிழமை நடந்ததுதான் இந்த மொத்தக் காலத்திலும் பெரிய செய்தி, அதை யாருமே சரியாகச் சொல்லவில்லை. 2030 உலகக் கோப்பை ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோவுக்கு, தொடக்கத்தில் மூன்று ஆட்டம் மட்டும் உருகுவே, அர்ஜென்டினா, பராகுவேயில். 2034 சவூதி அரேபியாவுக்கு. ஃபிஃபாவின் 211 சங்கங்கள் வீடியோவில் கூடி, ஓட்டு எண்ணாமல், கேமரா முன்னால் கை தட்டி முடிவு செய்தார்கள். எதிர்த்துப் போட்டியிட ஆள் இல்லை. ஆறு நாடு, மூன்று கண்டம், வீரர்களும் ரசிகர்களும் அட்லாண்டிக்கைத் தாண்டிப் பறக்க வேண்டும், அடுத்ததற்கு இன்னும் கட்டவே கட்டாத ஸ்டேடியங்கள், அங்கே கட்டப்போகிறவர்களில் நம் ஊர் ஆட்களும் இருப்பார்கள் என்பதுதான் எனக்கு உடனே தோன்றியது. கத்தாருக்குப் போன கதையை வீட்டுக்கு வீடு கேட்டிருக்கிறோம். இதற்கு எனக்கு வந்த நோட்டிஃபிகேஷன் ரொனால்டோ வாழ்த்துச் சொன்னார் என்பது.

கபடியைப் பற்றி ஒரு வார்த்தை. புரோ கபடி அப்போது புனேவில் ஓடிக்கொண்டிருந்தது, 2.15 கோடிக்கு ரெய்டர் சச்சின் தன்வரை வாங்கிய தமிழ் தலைவாஸ் 2017-இல் வந்ததிலிருந்து அதுவரை ஒரே ஒரு முறை அரையிறுதி போனதோடு சரி. ஒளிபரப்பு நன்றாக இருக்கிறது, ரீப்ளேயில் கை பட்டதா கோடு தொட்டதா என்று தெளிவாகக் காட்டுகிறார்கள். அணிதான் ரிப்பேர்.

வியாழக்கிழமை ஐசிசியும் வாயைத் திறந்தது. சாம்பியன்ஸ் டிராபி பாகிஸ்தானில், இந்தியா ஆடுவது மட்டும் வேறு நாட்டில், 2027 வரை இரண்டு நாடும் ஒருவர் மண்ணில் மற்றவர் ஆட வேண்டாம். எல்லோருக்கும் மாதக் கணக்கில் தெரிந்த முடிவு. அதற்கு இரவெல்லாம் டிவியில் நாலு பேர் கட்டம் கட்டி உட்கார்ந்து கத்தினார்கள், ஹாக்கிப் பெண்களுக்கு அதில் கால்வாசி நேரம் கொடுத்திருக்கலாம்.

வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டால்: கிரிக்கெட்டுக்கு வேறு வழியில்லை, வருஷ சந்தா எடுக்காதீர்கள், டெஸ்ட் தொடர் ஓடும் மாதத்துக்கு மட்டும் எடுங்கள், வீட்டில் கேபிள் இருந்தால் அதுகூட வேண்டாம். ஆப்பின் செட்டிங்ஸில் போய் நோட்டிஃபிகேஷனை மொத்தமாக அணைத்துவிடுங்கள், ஹாக்கிக்கும் செஸ்ஸுக்கும் அந்தந்தச் சங்கத்தின் பக்கத்தையே பின்தொடருங்கள், முடிவு அங்கே முதலில் வருகிறது. 26ஆம் தேதி காலை ஐந்து மணிக்கு மெல்போர்ன் டெஸ்ட், தொடர் 1-1. அன்றைக்கே நியூயார்க்கில் உலக ரேபிட் செஸ்ஸும் ஆரம்பம், அங்கே ஆட்டம் ஓடும்போது நமக்கு ராத்திரி. டெஸ்ட்டுக்கு எதிர் வீட்டுத் தாத்தாவிடம் ‘நானும் வந்து பார்க்கட்டுமா’ என்று கேட்டுவிட்டேன், பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்துவிடு என்றார்.